வீட்டுக்குள் வந்த நாயும் வீதியில் விடப்படும் குட்டியும்

எமது ஊர்களில் நாய் என்பது அண்மைக்காலம் வரையில் வளவுக்குரிய பிராணியாகவே இருந்து வந்தது. படலைக்கு உள்ளே, வீட்டுப் படிக்கு வெளியே என்பதே அதற்கு விதிக்கப்பட்டிருந்த எல்லை. விறாந்தையின் ஓரத்திலோ மாமரத்தின் கீழோ படுத்துக் கிடக்கும்; மிஞ்சிய சோற்றை உண்ணும்; இரவில் குரைக்கும்; வேலிப் பொட்டுக்குள்ளால் வெளியே சென்று அயலிலுள்ள ஏதோவொரு பனங்காணிக்குள் தன் காலைக் கடனை முடித்துவிட்டுத் திரும்பி வரும். அது எங்கே மலம் கழிக்கிறது என்பதை எவரும் சிந்தித்ததில்லை. சிந்திக்க வேண்டிய தேவையும் எழவில்லை. வைரவரின் வாகனமென்று கோயிலிலே அதற்கு இடம் கொடுத்தவர்கள்கூட வீட்டு வாசலைத் தாண்ட அதனை அனுமதித்ததில்லை.

இந்நிலை இன்று பெரிதும் மாறிவிட்டது. வேலிகள் மதில்களாகிவிட்டன. வளவுகள் துண்டுகளாகிவிட்டன. சாணத்தால் மெழுகிய தரை சீமெந்துத் தரையாகி, பின்னர் பளபளக்கும் ரைல்ஸ் தரையாகிவிட்டது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் தொடர்மாடிகளின் நான்காம் ஐந்தாம் மாடிகளில் வாழும் குடும்பங்கள் நாய் வளர்க்கின்றன. பொமரேனியனும் லாசா அப்சோவும் மெத்தையிலேயே உறங்குகின்றன. ஆனால் நாய் வீட்டுக்குள் வந்த வேகத்தில் நாய்க்கு வீட்டைப் பழக்கும் அறிவு எம்மிடையே வந்து சேரவில்லை. பிள்ளையின் பிறந்த நாளுக்கென்று வாங்கி வரப்பட்ட குட்டி, முதல் வாரம் வீட்டாரின் செல்லமாக இருக்கிறது. மூன்றாம் வாரத்தில் கதிரைக் காலடியிலும் சுவாமி அறை வாசலிலும் அது சலம் கழித்து வைக்கும்போது முணுமுணுப்பு ஆரம்பமாகிறது. மூன்றாம் மாதத்தில் அது சங்கிலியில் கட்டப்படுகிறது அல்லது ஒரு சாக்கில் போட்டு எடுத்துச் செல்லப்பட்டு, சந்தைக்கு அருகிலோ கோயில் வீதியிலோ விடப்படுகிறது.

இது மிகைப்படுத்திய கூற்றன்று. அமெரிக்காவில் கரி பற்றொனெக் என்ற மிருக வைத்தியரும் அவருடைய குழுவினரும் 1996 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, விலங்குக் காப்பகங்களில் ஒப்படைக்கப்படும் நாய்கள் எத்தகைய காரணங்களால் கைவிடப்படுகின்றன என்பதை ஆராய்ந்தது. நாளாந்தமோ வாராந்தமோ வீட்டுக்குள் அசுத்தம் செய்யும் நாய்கள் கைவிடப்படும் அபாயம் ஏனைய நாய்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. அங்கே கைவிடுவதற்குக் காப்பகமென ஓர் இடமாவது உண்டு. எமது நாட்டில் பெரும்பாலும் வீதிதான் காப்பகம்.

வீதிக்கு வந்த குட்டிக்கு என்ன நேருகிறது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை வாகனங்களில் அடிபட்டோ நோயுற்றோ இறந்து போகின்றன. தப்பிப் பிழைப்பவை கட்டாக்காலிகளாகி, தடுப்பூசி ஏற்றப்படாத நாய்களின் கூட்டத்தைப் பெருக்குகின்றன. 1970களில் இலங்கையில் விசர் நாய்க்கடி நோயினால் ஆண்டொன்றில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்த காலமும் இருந்தது. நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றியதனாலும், கடியுண்டவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகச் சிகிச்சை அளித்ததனாலும் அத்தொகை அண்மைய ஆண்டுகளில் இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்டதாகக் குறைந்துள்ளது. ஆயினும் அது இன்னும் பூச்சியமாகவில்லை. கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்லும் நடைமுறை 2006 ஆம் ஆண்டில் கைவிடப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியுமே வழியென ஏற்றுக்கொள்ளப்பட்டது. நாம் அதனை வரவேற்கிறோம். எனினும் ஒருபுறம் சபைகள் கருத்தடை செய்துகொண்டிருக்க, மறுபுறம் வீடுகள் குட்டிகளை வீதிக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் இக்கணக்கு எப்போது தீரும்? 1901 ஆம் ஆண்டின் நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் நாய்க்கு உரிமையாளர் ஒருவர் உண்டு என்ற அடிப்படையிலேயே எழுதப்பட்டது. உரிமை கொண்டாடியவர் வாய்க்கால் ஓரத்தில் அதனைக் கைகழுவிவிட்டுச் செல்வதற்கு, பல சந்தர்ப்பங்களில், தரையில் கிடந்த சிறு ஈரமே தொடக்கமாக இருக்கிறது.

இத்தனைக்கும் நாய் இயல்பிலேயே துப்புரவான பிராணி. பிறந்த குட்டியால் தானாகச் சலம் கழிக்கவும் முடியாது. தாய் நாக்கினால் நக்கித் தூண்டும்போதே அது கழிக்கும். கழிவைத் தாயே உண்டு படுக்கையைத் துப்புரவாக வைத்திருக்கும். ஏறத்தாழ 3 வாரங்களில் கண் திறந்து நடக்கத் தொடங்கியதும் குட்டி தள்ளாடித் தள்ளாடிப் படுக்கையை விட்டு அப்பால் சென்று கழிக்க முயல்கிறது. எட்டு ஒன்பது வார வயதளவில், தான் வழமையாகக் கழிக்கும் இடத்தையும் காலுக்குக் கீழே உணரும் தரையின் தன்மையையும் அது மனதில் பதித்துக்கொள்கிறது. மண்ணில் பழகியது மண்ணைத் தேடும். புல்லில் பழகியது புல்லைத் தேடும். சீமெந்தில் பழகியது சீமெந்தைத் தேடும். குட்டியை எங்கிருந்து வாங்குகிறோம் என்பது இதனாலேயே முக்கியமாகிறது. ஒடுங்கிய கம்பிக் கூட்டுக்குள் பத்துக் குட்டிகளை அடைத்து வைத்து விற்பவரிடம் வாங்கும் குட்டி, படுத்த இடத்திலேயே கழித்துப் பழகியிருக்கும். படுக்கையை அசுத்தமாக்கக் கூடாது என்ற இயற்கையான கூச்சம் அதனிடம் மழுங்கிப் போயிருக்கும். அதனையும் பழக்கலாம், ஆனால் இரட்டிப்புப் பொறுமை வேண்டும். 8 வாரங்களுக்கு முன்னர் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டிகளை வாங்குவதை நாம் எவ்வகையிலும் ஊக்குவிக்கக் கூடாது.

பழக்குதல் என்பதன் சாரம் நேரத்தில்தான் இருக்கிறது. இரண்டு மாதக் குட்டியின் சிறுநீர்ப்பை சிறியது. அதனை அடக்கும் தசைகளும் இன்னும் வலுப்பெறவில்லை. மாதக் கணக்கிலுள்ள வயதுடன் ஒன்றைக் கூட்டினால், பகல் வேளையில் குட்டி அதிகபட்சமாக எத்தனை மணித்தியாலங்கள் அடக்கிக்கொள்ளும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம் எனப் பயிற்றுநர்கள் கூறுவர். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணித்தியாலம் என்பது இக்கணக்கு. உண்மையில் விழித்திருந்து ஓடியாடும் வேளையில் அதற்கு ஒரு மணித்தியாலம்கூடத் தாங்காது. எனவே கடிகாரத்தைவிடக் குட்டியின் நாளாந்த நிகழ்ச்சிகளைக் கவனிப்பதே மேலானது. நித்திரையிலிருந்து எழுந்தவுடன் அது கழிக்கும். உணவு இரைப்பையைச் சென்றடைந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவதால், உண்டு ஐந்து நிமிடம் முதல் அரை மணித்தியாலத்துக்குள் மலம் கழிக்கும். நன்றாக விளையாடி முடிந்ததும் கழிக்கும். வீட்டுக்கு விருந்தினர் வந்த பரபரப்பிலும் கழிக்கும். இந்த ஒவ்வொரு வேளையிலும், அது கேட்பதற்கு முன்னரே, நாமே அதனை உரிய இடத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும். முதற் சில வாரங்களுக்கு இது நாளொன்றுக்கு எட்டுப் பத்துத் தடவைகளாக இருக்கும். இரவிலும் ஒருமுறையாவது எழும்ப வேண்டியிருக்கும். இதற்கு ஆயத்தமில்லாதவர்கள் குட்டியை வாங்காமல் இருப்பதே குட்டிக்குச் செய்யும் பெரும் உபகாரம்.

உணவு நேரம் ஒழுங்காக இருந்தால் கழிவு நேரமும் ஒழுங்காகும். நாள் முழுவதும் தட்டில் சோறு கிடக்க, வருவோர் போவோரெல்லாம் பிஸ்கட்டும் பாணும் போடும் வீட்டில் குட்டி எப்போது கழிக்கும் என்று சாத்திரிக்கும் தெரியாது. இளங்குட்டிக்கு நாளுக்கு மூன்று அல்லது நான்கு வேளை, குறித்த நேரத்தில் உணவிட்டு, பதினைந்து இருபது நிமிடங்களில் தட்டை எடுத்துவிடலாம். ஆனால் தண்ணீரை மறுக்கக் கூடாது. சலம் கழிக்காதிருக்கட்டும் என்று தண்ணீர்ச் சட்டியை ஒளித்து வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. எமது வெப்பத்தில் அது கொடுமையாகும்.

கழிக்கப் போகும் குட்டி அதற்கான அறிகுறிகளைக் காட்டாமல் இராது. தரையை மோந்தபடி வட்டமிடும். விளையாட்டை இடையில் விட்டுவிட்டு ஒரு மூலையை நோக்கிப் போகும். கதவடியில் நின்று முனகும். அவ்வேளையில் ஆரவாரமின்றித் தூக்கிச் சென்று, ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் விட வேண்டும். அங்கு விளையாட்டுக் காட்டாமல் அமைதியாக நிற்க வேண்டும். அது கழிக்கத் தொடங்கும்போது ஒரே சொல்லைத் தாழ்ந்த குரலில் கூறி வந்தால், சில வாரங்களில் அச்சொல்லைக் கேட்டதுமே அது கழிக்கப் பழகிவிடும். கழித்து முடித்த மறுகணமே பாராட்டி, ஒரு துண்டு இறைச்சியோ கருவாடோ கொடுக்க வேண்டும். மறுகணம் என்று நாம் கூறுவது ஓரிரண்டு விநாடிகளை. வீட்டுக்குள் திரும்பி வந்து குசினியில் தேடி எடுத்துக் கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்காகத்தான் அந்தப் பரிசு என்றே குட்டி விளங்கிக்கொள்ளும். கழித்து முடித்த உடனேயே வீட்டுக்குள் இழுத்து வருவதும் தவறு. கழித்தால் வெளியுலகம் முடிந்துவிடும் என்று கற்றுக்கொண்ட குட்டி, முடிந்தவரை அடக்கி வைத்துக்கொண்டு சுற்றித் திரியும். சிறிது நேரம் அதனுடன் முற்றத்தில் உலாவிய பின்னரே உள்ளே வர வேண்டும்.

தொடர்மாடிகளில் வாழ்வோருக்கு இங்கு ஒரு மெய்யான சிக்கல் உண்டு. தடுப்பூசிகள் முழுமையாக ஏற்றப்படாத குட்டியை ஏனைய நாய்கள் நடமாடும் வீதிக்கும் பூங்காவுக்கும் இறக்குவது ஆபத்தானது. பார்வோ வைரசு மண்ணில் பல மாதங்கள் உயிர்த்திருக்கக் கூடியது. அது தொற்றினால் குட்டி சில நாட்களிலேயே இறந்துவிடக்கூடும். ஆகையால் மிருக வைத்தியர் கூறும் காலம் வரையில் மேல்மாடத்தில் ஒரு தட்டில் மண்ணோ புற்றரைத் துண்டோ வைத்து அங்கேயே பழக்குவது உசிதம். பழைய பத்திரிகைத் தாளை விரித்துப் பழக்குவோரும் உளர். அது இலகுவானதுதான், ஆயினும் பத்திரிகைத் தாளில் பழகிய நாய்க்குப் பின்னர் மண்ணில் கழிப்பது இரண்டாவது பாடமாகிவிடும். வாசித்துவிட்டுத் தரையில் வைத்த இன்றைய பத்திரிகைக்கும் அதற்கென விரித்த பழைய பத்திரிகைக்கும் வேறுபாடு காணும் ஆற்றல் அதற்கு இல்லை என்பதையும் பத்திரிகைத் துறையினர் என்ற வகையில் நாம் கவலையுடன் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. மாரி காலமும் இன்னொரு சோதனை. கார்த்திகை, மார்கழி மழையில் நனைய விரும்பாத குட்டி வாசற்படியில் நின்று திரும்பிவிடும். கோடிப்புறத்தில் தாழ்வாரத்துக்குக் கீழே நனையாத ஒரு துண்டு நிலத்தை அதற்கென ஒதுக்கினால் இச்சங்கடம் பெருமளவு தீரும்.

கண்காணிக்க முடியாத வேளையில் குட்டியை வீடு முழுவதும் உலாவ விடக் கூடாது. எழுந்து நிற்கவும் திரும்பவும் நீட்டிப் படுக்கவும் போதுமான அளவிலான கூடு ஒன்றில், கதவைத் திறந்து வைத்து உணவு கொடுத்துப் பழக்கி, பின்னர் சிறிது நேரம் மூடி வைக்கலாம். படுக்கையை அசுத்தமாக்க விரும்பாத இயல்பு அங்கே எமக்குத் துணை நிற்கும். ஆனால் இந்த யோசனையைக் கூறும்போதே எமக்கு ஒரு தயக்கமும் ஏற்படுகிறது. காலை ஏழு மணிக்குக் கூட்டில் பூட்டி, மாலை வேலை முடிந்து வந்து திறக்கும் வழக்கம் இங்கு பரவலாக உண்டு. அத்தனை மணித்தியாலம் அடக்க முடியாத குட்டி தன் படுக்கையிலேயே கழிக்க நேருகிறது. நாம் துணைக்கு அழைத்த அந்த இயல்பை நாமே அழித்துவிடுகிறோம். பகல் முழுவதும் வீட்டில் ஆளில்லாத குடும்பங்கள் அயலவர் ஒருவரையோ உறவினரையோ நண்பகலில் வந்து குட்டியை வெளியே விடுமாறு ஒழுங்கு செய்வது அவசியம்.

இனி, தண்டனையைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. குட்டி கழித்து வைத்ததைக் கண்டதும் அதன் கழுத்தைப் பிடித்து இழுத்து வந்து, மூக்கை அதில் தேய்த்து, தும்புத்தடியால் இரண்டு போடும் முறை தலைமுறைகளாகக் கைக்கொள்ளப்பட்டு வருகிறது. செய்த தவறை உணர்த்தவே அவ்வாறு செய்வதாகக் கூறப்படுகிறது. நாய் உணர்வது வேறு. அரை மணித்தியாலத்துக்கு முன்னர் தான் செய்த காரியத்தையும் இப்போது விழும் அடியையும் அதனால் தொடுத்துப் பார்க்க முடியாது. வீட்டுக்காரர் வரும்போது தரையில் கழிவு இருந்தால் அடி விழும் என்பதையே அது கற்றுக்கொள்கிறது. அதிலிருந்து அது பெறும் பாடம், வெளியே சென்று கழிக்க வேண்டும் என்பதன்று. மனிதர் காணும்படி கழிக்கக் கூடாது என்பதே. அதன் பின்னர் முற்றத்தில் எம்முடன் நிற்கும்போது கழிக்காமல் பயந்து நின்று, உள்ளே வந்ததும் கட்டிலின் கீழே சென்று கழிக்கும். வீட்டார் அதனைப் பழிவாங்கல் என்பர்.

"இல்லை, அதற்குத் தெரியும், நான் வந்ததும் காதைத் தாழ்த்தி, கண்ணைத் திருப்பி, குற்றவாளி போல் நிற்கிறது" என்று அடித்துக் கூறுவோர் பலர். அமெரிக்க ஆய்வாளரான அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009 ஆம் ஆண்டில் இதனையே பரிசோதித்துப் பார்த்தார். 14 நாய்களின் உரிமையாளர்கள் தின்பண்டமொன்றை உண்ண வேண்டாமெனத் தம் நாய்க்குக் கட்டளையிட்டுவிட்டு அறையை விட்டு வெளியேறினர். சில வேளைகளில் நாய் அதனை உண்ண விடப்பட்டது. சில வேளைகளில் தின்பண்டம் அகற்றப்பட்டது. திரும்பி வந்த உரிமையாளருக்குச் சில தடவைகள் உண்மையும் சில தடவைகள் பொய்யும் கூறப்பட்டன. குற்றவாளி முகம் தோன்றியது நாய் உண்டதா இல்லையா என்பதைப் பொறுத்தல்ல. உரிமையாளர் ஏசினாரா இல்லையா என்பதைப் பொறுத்தே. உண்ணாமலே ஏச்சு வாங்கிய நாய்களிடத்தில் அந்த முகம் இன்னும் கூடுதலாகத் தென்பட்டது. நாம் குற்றவுணர்வென்று வாசிப்பது அச்சத்தை என்பதே இதன் பொருள். கழித்துக்கொண்டிருக்கும்போதே கண்டால் கையைத் தட்டியோ பெயரைக் கூப்பிட்டோ இடைநிறுத்தி, தூக்கிக்கொண்டு வெளியே செல்லலாம். அதற்குப் பின்னர் கண்டால் துடைப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை.

துடைப்பதிலும் ஒரு முறை உண்டு. நாயின் மூக்குக்கு, எமக்கு மணக்காத இடமும் மணக்கும். மணம் எஞ்சிய இடம் அதற்கு மலசலகூடம் என்ற அறிவித்தல் பலகை போன்றது. சிறுநீரிலுள்ள யூரியா சிதைந்து அமோனியா உண்டாகிறது. ஆகவே அமோனியா கலந்த துப்புரவுத் திரவங்களைப் பாவித்தால் அந்த அறிவித்தலை நாமே மீண்டும் எழுதி வைத்தவர்களாவோம். பீனோல் கலந்த கடும் திரவங்கள் மணத்தை மறைக்குமேயன்றி நீக்கமாட்டா. நக்கினால் குட்டிக்கு நஞ்சும் ஆகும். ஈரத்தை முதலில் ஒற்றி எடுத்துவிட்டு, கழிவை உடைக்கும் நொதியங்கள் கொண்ட துப்புரவுத் திரவம் கிடைக்குமாயின் அதனைப் பாவிப்பது சிறந்தது. கிடைக்காவிடின் சவர்க்கார நீரால் கழுவி, நீர் கலந்த வினாகிரியால் துடைத்து, நன்றாக உலர விடலாம். ரைல்ஸ் இடைவெளிகளும் பாயும் கால்மிதியும்தான் மணத்தைப் பிடித்து வைத்திருப்பவை. கால்மிதிகளைச் சில மாதங்களுக்குச் சுருட்டி வைத்துவிடுவது மேல்.

வீட்டிலுள்ள அனைவரும் ஒரே முறையைப் பின்பற்றாவிடின் மேற்கூறிய எதுவும் பயன் தராது. குட்டி வேண்டுமென்று அழுதவர்கள் பிள்ளைகள். வாங்கிக் கொடுத்தவர் தந்தை. தரையைத் துடைப்பவர் தாய் என்பதே எமது இல்லங்களின் பொதுவான வேலைப் பங்கீடு. குட்டி வீதிக்குப் போக வேண்டுமெனத் தாய் ஒருநாள் கூறுவாராயின் அவரைக் கல்நெஞ்சக்காரி என்று ஏசுவதில் நியாயமில்லை. காலை எழுந்ததும் வெளியே கொண்டு செல்வது யார், பாடசாலை விட்டு வந்ததும் கொண்டு செல்வது யார், இரவில் எழும்புவது யார் என்பதைக் குட்டி வருவதற்கு முன்னரே பேசித் தீர்மானித்துக்கொள்வது நல்லது.

ஒழுங்காகப் பழக்கினால் பெரும்பாலான குட்டிகள் நாலு முதல் ஆறு மாத வயதில் தேறிவிடும். சிறிய இன நாய்களுக்குச் சிறுநீர்ப்பையும் சிறிது. அவற்றுக்கு இன்னும் சில மாதங்கள் செல்லலாம். நன்கு பழகிய நாய் திடீரென வீட்டுக்குள் கழிக்கத் தொடங்கினால் அதனைக் குழப்படியென்று கொள்ளாது மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். சிறுநீர்ப்பை அழற்சி, சிறுநீரக நோய், நீரிழிவு, குடற்புழு ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கலாம். கருத்தடை செய்யப்பட்ட பெண் நாய்கள் சிலவற்றில், நித்திரையின்போது தம்மை அறியாமலே சலம் கசிவதுண்டு. அதற்கு மருந்து உண்டு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட ஆண் நாய் காலைத் தூக்கிக் கதவு நிலையிலும் மேசைக் காலிலும் சிறிது சிறிதாகப் பாய்ச்சுவது எல்லை குறித்தல். கருத்தடை அதனைப் பல நாய்களில் குறைக்கும். ஆளைக் கண்டதும் குனிந்து பதுங்கிச் சலம் விடும் குட்டியோ பணிவைக் காட்டுகிறது. அதனை ஏசினால் இன்னும் கூடும். கவனியாதது போல் கடந்து சென்றால் வளர வளர மறையும். தீபாவளி, புத்தாண்டு வெடிச் சத்தத்தில் நடுங்கிக் கழித்துவிடும் நாயை எவ்வகையிலும் குற்றங்கூற முடியாது.

வெளியே கழிக்கப் பழகிய நாயை வைத்திருப்போர் தம் வேலை முடிந்ததென்று இருந்துவிடுகின்றனர். தன் வீட்டு ரைல்ஸைக் காத்துக்கொண்டு அயலவரின் கேற்றடியில் கழிக்க விடுவது எவ்வாறு பழக்கமாகும்? நாயின் மலத்திலுள்ள வட்டப்புழு முட்டைகள் மண்ணில் சில வாரங்கள் கிடந்த பின்னரே தொற்றும் நிலையை அடைகின்றன. கொழுக்கிப் புழுவின் குடம்பிகள் அதனிலும் விரைவாக உருவாகி, வெறுங்காலுடன் திரியும் பிள்ளைகளின் தோலைத் துளைத்து அரிப்புண்டாக்கும். அன்றே அள்ளி அகற்றப்படும் மலத்தால் இந்த ஆபத்து இல்லை. நாயின் சிறுநீர் வழியாகவும் எலிக்காய்ச்சல் கிருமி பரவக்கூடும் என்பதால், கழுவும் இடத்தில் வெறுங்காலுடன் நிற்பதைத் தவிர்க்க வேண்டும். நாய்க்கும் அதற்குரிய தடுப்பூசியைத் தவறாது ஏற்ற வேண்டும். காலையில் நாயுடன் நடக்கச் செல்வோர் சட்டைப் பையில் இரண்டு பத்திரிகைத் துண்டுகளை மடித்து வைத்துக்கொண்டால், அள்ளிச் சுற்றி எடுத்து வந்து, கிணற்றிலிருந்து எட்டவாக வெட்டிய குழியில் போட்டு மண்ணால் மூடிவிடலாம். தொடர்மாடிவாசிகள் அதனை நன்கு பொதி செய்து, சபையின் குப்பை வண்டி வரும் நாளில் ஒப்படைக்கலாம்.